ஒரு டபுள் கிளிக்கின் திரைமறைவில்!

“சர்வர் வரலை சார்!”

ஆடிட்டர் ஆபீஸ், அச்சகம், பள்ளிக்கூட அலுவலகம், ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்... இந்தக் குரல் கேட்காத இடம் எது? அடுத்து நடப்பதும் எல்லோருக்கும் பழக்கமானதுதான். ஒருவர் சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்வார். இன்னொருவர் கேபிளைப் பிடுங்கிச் செருகுவார். மூன்றாமவர் ஹார்டுவேர் தம்பிக்குப் போன் போடுவார். அரை மணி நேரத்தில் எப்படியோ சரியாகிவிடும். எதனால் நின்றது, எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் அந்த இரண்டு மெஷின்களுக்கும் தெரியும்! ஷேர் ஃபோல்டரை நீங்கள் டபுள் கிளிக் செய்வதற்கும் உள்ளே இருக்கும் ஃபைல் திரையில் விரிவதற்கும் இடையே, உங்கள் சிஸ்டமும் சர்வரும் ஒரு நீண்ட உரையாடலையே நடத்தி முடித்துவிடுகின்றன. முதலில் பெயரை வைத்து முகவரி தேடுவது. பிறகு இணைப்புக் கேட்பது. எந்த மொழியில் பேசலாம் என்று ஒத்துக்கொள்வது. அடையாளம் காட்டுவது. எந்த ஷேர் வேண்டும் என்று சொல்வது. கடைசியில்தான் ஃபைலைக் கேட்பது. இந்த வரிசை மாறவே மாறாது. ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது.

இதில்தான் முழு சூட்சுமமும் இருக்கிறது. வரிசை மாறாது என்றால், எங்கே நின்றது என்று கண்டுபிடிக்க முடியும்! “என்ன கோளாறு?” என்ற கேள்விக்கு ஆயிரம் பதில்கள் உண்டு. “எதுவரை போனது?” என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான். வாங்க, அந்த உரையாடலைப் பக்கத்தில் நின்று கேட்போம்.

உள்ளே போக ஓர் இலவச டிக்கெட்

நம் கையில் இருக்கும் நுழைவுச்சீட்டின் பெயர் வயர்ஷார்க். ஜெரால்ட் கோம்ப்ஸ் என்பவர் 1998-இல் ‘ஈதரியல்’ என்ற பெயரில் வெளியிட்ட மென்பொருள் இது. 2006-இல் வயர்ஷார்க் ஆனது. காசு கிடையாது. உங்கள் சிஸ்டத்தின் நெட்வொர்க் கார்டு வழியாகப் போய்வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிடித்து, பிரித்து, வரிவரியாகக் காட்டும். வடிகட்டியில், ஃபைல் பகிர்வு நடக்கும் 445 என்ற போர்ட்டை மட்டும் காட்டச் சொல்லிவிட்டு ஷேர் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். திரை முழுக்க வரிகள் ஓடும். இந்தப் பக்கம் கேள்வி, அந்தப் பக்கம் பதில், மறுபடி கேள்வி, மறுபடி பதில். பார்க்கப் பார்க்க அலுக்காது!

ஒரே ஒரு நிபந்தனை: உங்கள் பொறுப்பில் இருக்கும் நெட்வொர்க்கில், உரியவரின் அனுமதியோடு மட்டும் இதைச் செய்யுங்கள். அங்கே ஓடுவது மற்றவர்களின் வேலையும் விவரங்களும்.

முதல் கேள்வி: அந்தப் பெயர் யாருடையது?

நீங்கள் டைப் செய்வது இரண்டு பின்சாய்கோடும் ஒரு பெயரும். மெஷினுக்கு வேண்டியதோ ஐபி முகவரி. அதனால் முதல் வேலை தேடல். சிஸ்டம் முதலில் தன் நினைவில் இருப்பதையும் ‘ஹோஸ்ட்ஸ்’ ஃபைலையும் பார்க்கும். பிறகு டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். அங்கும் கிடைக்காவிட்டால் அக்கம்பக்கத்து மெஷின்கள் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி, “இந்தப் பெயர் யாருடையது?” என்று நெட்வொர்க்கில் கூவும்.

இங்கே ஓர் அழகான துப்பு கிடைக்கும். கறுப்புத் திரையில் ‘என்எஸ்லுக்அப்’ கட்டளையால் பெயரைத் தேடுங்கள். அதே பெயரைப் ‘பிங்’கும் செய்யுங்கள். இரண்டும் வேறு வேறு முகவரி சொன்னால் துள்ளிக் குதிக்கலாம், குற்றவாளி அகப்பட்டாயிற்று! என்எஸ்லுக்அப் நேராக டிஎன்எஸ் சர்வரைத்தான் கேட்கும். ஹோஸ்ட்ஸ் ஃபைலையோ சிஸ்டத்தின் நினைவையோ பார்க்காது. பிங் இரண்டையும் பார்க்கும். ஆக, பழைய சர்வரின் முகவரியை என்றோ யாரோ ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதிவைத்துவிட்டு மறந்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் சிஸ்டம் பழைய பதிலையே பிடித்துக்கொண்டிருக்கிறது. முன்னதற்கு அந்த வரியை அழிக்க வேண்டும். பின்னதற்கு ‘ஐபிகான்ஃபிக் ஃப்ளஷ்டிஎன்எஸ்’ போதும்.

பெயரின் நீளத்திலும் ஒரு சங்கதி உண்டு. 1980-களில் பிறந்த நெட்பயாஸ் முறையில் ஒரு பெயருக்கு 16 பைட்தான் இடம். அதிலும் கடைசி பைட், அந்தப் பெயர் என்ன வேலை செய்கிறது என்று காட்டும் முத்திரை. ஃபைல் சர்வர் என்றால் அங்கே பதினாறடிமான எண் 20 இருக்கும். மனிதர்களுக்கு மிச்சம் 15 எழுத்துகள். ஊர், கிளை, துறை எல்லாவற்றையும் சேர்த்து சர்வருக்கு நீளமாகப் பெயர் வைத்தால், பழைய முறையில் தேடும் மெஷின்களுக்கு 15 எழுத்தோடு வெட்டிய பெயர்தான் தெரியும். சின்னப் பெயராக வையுங்கள், நிம்மதி!

இன்னொரு வினோதம்: காலையில் வரும் சர்வர் மதியம் காணாமல் போகிறது, சாயங்காலம் திரும்பி வருகிறது. இப்படி என்றால் என் சந்தேகம் முதலில் ஐபி மோதல் மேல்தான் விழும். சர்வருக்குக் கையால் ஒரு முகவரி கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணை ரவுட்டரின் தானியங்கிப் பட்டியலிலிருந்து ஒதுக்கிவைக்க மறந்திருப்பார்கள். மதியம் யாரோ ஒருவரின் போன் வைஃபையில் சேரும்போது, ரவுட்டர் அதே முகவரியைத் தூக்கிக் கொடுத்துவிடும்! ‘ஏஆர்பி’ பட்டியலைக் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை பாருங்கள். அதே ஐபிக்கு எதிரே இருக்கும் மேக் முகவரி மாறியிருந்தால் கதை முடிந்தது.

இரண்டாவது கேள்வி: 445 திறக்கிறதா?

முகவரி கிடைத்ததும் சிஸ்டம் சர்வரின் 445-ஆம் போர்ட்டுக்கு ஒரு சின்ன பாக்கெட்டை அனுப்பும். ‘சின்’ என்று பெயர். சர்வர் ‘சின்-ஆக்’ என்று திருப்பி அனுப்பும். சிஸ்டம் ‘ஆக்’ என்று முடிக்கும். மூன்றே பாக்கெட்டில் இணைப்பு ரெடி! விண்டோஸ் 2000-க்கு முன்புவரை இது 139-ஆம் போர்ட்டில் நெட்பயாஸ் மேல் சவாரி செய்துகொண்டிருந்தது. 2000-இல்தான் 445-க்கு நேரடியாக வந்தது.

இங்கே தோல்விக்கு மூன்று முகங்கள் உண்டு. மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தவர் பாதி இன்ஜினியர். சின் அனுப்பியதுமே ‘ரீசெட்’ வந்தால், மெஷின் உயிரோடு இருக்கிறது, ஆனால் ஷேரிங் சேவை ஓடவில்லை. சின் போகிறது, பதில் இல்லை, மறுபடி சின், மறுபடியும் பதில் இல்லை என்றால் பெரும்பாலும் நடுவில் ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது. பக்கத்து மெஷினாக இருந்தும் ‘இந்த ஐபி யாருடையது?’ என்ற ஏஆர்பி கேள்விக்கே பதில் வரவில்லை என்றால், மெஷின் அணைந்திருக்கிறது, அல்லது கேபிளோ சுவிட்சோ போய்விட்டது. கேபிளைப் பிடுங்க வேண்டியது இந்த மூன்றாவது முகத்தைப் பார்த்த பிறகுதான்!

“பிங் வருதே, அப்புறம் ஏன் ஃபோல்டர் திறக்கலை?” என்று கேட்பார்கள். பிங் போவது வேறு வழி, ஃபைல் போவது வேறு வழி. பிங் வந்தால் 445 திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. பிங் வராவிட்டால் சர்வர் செத்துவிட்டது என்றும் அர்த்தமில்லை; ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்திருக்கலாம். உண்மையான சோதனை பவர்ஷெல்லில் இருக்கிறது. ‘டெஸ்ட் நெட்கனெக்‌ஷன்’ கட்டளையில் சர்வரின் பெயரையும் 445 என்ற எண்ணையும் கொடுங்கள். ‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’ என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு.

சின்ன ஆபீஸ்களில் ரவுட்டரை மாற்றிய மறுநாள் அத்தனை பேருக்கும் ஷேர் போவதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. சர்வராக வைத்திருக்கும் விண்டோஸ் சிஸ்டம் புது ரவுட்டரைப் பார்த்ததும் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு, ‘பப்ளிக்’ என்று முத்திரை குத்திவிடும். ரயில் நிலைய வைஃபைக்குத் தரும் அதே பாதுகாப்பு! வெளியிலிருந்து வரும் 445-ஐ ஃபயர்வால் மூடிவிடும். அமைப்புகளில் போய் ‘பிரைவேட்’ என்று மாற்றினால், ஒரே கிளிக்கில் ஆபீஸ் முழுக்க மூச்சு வரும்.

இன்னொரு சந்தோஷம். விண்டோஸ் சில சமயம் 0எக்ஸ்80070035 என்று மிரட்டும். கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் பாருங்கள்: 35. பதினாறடிமானத்தில் 35 என்றால் மூன்று பதினாறும் ஓர் ஐந்தும், அதாவது 53. கறுப்புத் திரையில் ‘நெட் யூஸ்’ கட்டளை தரும் “பிழை 53, நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை” என்பதும் இதுவேதான்! அது வந்தால் பாஸ்வேர்டைத் தொடாதீர்கள். பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் இன்னும் வரவே இல்லை.

கஃபேயில் உட்கார்ந்து கற்ற மொழி

445 திறந்ததும் இரண்டு மெஷின்களும் பேசும் மொழியின் பெயர் எஸ்எம்பி. 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியது. விண்டோஸ் உலகம் முழுக்கப் பரவியது. விண்டோஸ் அல்லாத மெஷின்கள் எப்படி இதைப் பேசக் கற்றுக்கொண்டன? அங்கேதான் ஓர் அற்புதக் கதை.

1991 டிசம்பர். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர். டிஈசி நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் மென்பொருள் ஃபைல் சர்வரோடு எப்படிப் பேசுகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. முறையான குறிப்பேடு கையில் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? வயரில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று குறித்துக்கொண்டு, அதே பதில்களைத் தரும் ஒரு சர்வரை எழுதி 1992 ஜனவரியில் வெளியிட்டார். இந்த வழியை அவர் பின்னாளில் பிரெஞ்சு கஃபேயோடு ஒப்பிட்டார்: பிரெஞ்சு தெரியாமல் கஃபேயில் உட்கார்ந்து, யார் எதைச் சொன்னால் பணியாளர் எதைக் கொண்டுவருகிறார் என்று கவனித்துக்கொண்டே இருந்தால், ஒருநாள் நாமும் காபி கேட்டுவிடலாம்!

அந்த சர்வர்தான் இன்றைய சம்பா. நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கக் கடைகளில் வாங்கும் பல என்ஏஎஸ் பெட்டிகளுக்குள் அதுதான் ஓடுகிறது. நீங்கள் வயர்ஷார்க்கைத் திறந்து உட்காரும்போது, ட்ரிட்ஜெல் உட்கார்ந்த அதே நாற்காலியில்தான் உட்காருகிறீர்கள். எத்தனையோ ஃபைல் சர்வர்களுக்கு வழி திறந்த அதே வேலையைச் செய்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள், சிலிர்க்கவில்லையா?

மூன்றாவது கேள்வி: எந்தத் தலைமுறை மொழி?

எஸ்எம்பியில் பல தலைமுறைகள் உண்டு. அதனால் முதல் பாக்கெட்டே “எனக்கு இன்னின்ன தெரியும், உனக்கு?” என்பதுதான். ‘நெகோஷியேட்’ என்று வயர்ஷார்க் காட்டும்.

விண்டோஸ் 7 மெஷின் ஒன்று கிடைத்தால் இந்த பாக்கெட்டைக் கட்டாயம் பாருங்கள். ‘பிசி நெட்வொர்க் ப்ரோகிராம் 1.0’ என்று தொடங்கும். ஐபிஎம் காலத்துப் பெயர்! பிறகு ‘லேன்மேன் 1.0’. பிறகு ‘விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் 3.1ஏ’. பிறகு ‘என்டி எல்எம் 0.12’. பிறகு ‘எஸ்எம்பி 2.002’. கடைசியில் ‘எஸ்எம்பி 2.???’. ஆமாம், உண்மையிலேயே மூன்று கேள்விக்குறிகள்! இரண்டாம் தலைமுறையில் இதைவிடப் புதியது ஏதாவது உன்னிடம் உண்டா என்று கேட்கும் வழி அது. கால் நூற்றாண்டு வரலாறு ஒரே பாக்கெட்டில் அடுக்காக உட்கார்ந்திருக்கும்.

தலைமுறையை அடையாளம் காண்பதும் எளிது. ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் நான்கு பைட் முத்திரை. முதல் பைட் எஃப்எஃப் என்றால் பழைய எஸ்எம்பி1. எஃப்ஈ என்றால் 2 அல்லது 3. எஃப்டி என்றால் மறையாக்கம் செய்தது. உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அடுத்த மூன்று பைட்டும் எஸ், எம், பி என்ற எழுத்துகள்தான்.

இங்கே நிற்கும் கோளாறுக்கு ஒரு தேதி உண்டு. 2017 மே 12. எஸ்எம்பி1-இன் ஓட்டை வழியாக 445-ஆம் போர்ட்டில் புகுந்து வானாகிரை உலகத்தைச் சுற்றியது. பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவையே தடுமாறியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாத மெஷின்கள்தான் விழுந்தன. அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாகப் போடும் சிஸ்டங்களில் எஸ்எம்பி1 இயல்பாக வருவதில்லை. 2019-இல் வந்த சம்பா 4.11-உம் எஸ்எம்பி1-ஐ இயல்பில் அணைத்துவிட்டது.

அதனால்தான் சிஸ்டத்தை மாற்றிய மறுநாள், “ஜெராக்ஸ் மெஷின்ல ஸ்கேன் பண்ணா ஃபோல்டருக்கு வரலை அண்ணா” என்று போன் வருகிறது! அந்த மெஷினுக்கு எஃப்எஃப் மட்டும்தான் பேசத் தெரியும். புது சர்வர் எஃப்ஈ-க்குக் கீழே இறங்காது. இதற்காகச் சர்வரில் எஸ்எம்பி1-ஐத் திறந்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்! ஒரு ஸ்கேனருக்காக ஆபீசின் அத்தனை ஃபைலையும் பணயம் வைக்க வேண்டாம். மெஷினின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் ஸ்கேன் மெயிலுக்குப் போகட்டும்.

நான்காவது கேள்வி: நீ யார்?

மொழி முடிவானதும் ‘செஷன் செட்டப்’. பாஸ்வேர்டு விவகாரம் இங்கேதான் வருகிறது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும்: சர்வரிடமிருந்து ‘மோர் ப்ராசஸிங் ரிக்வயர்டு’ என்று பிழைபோல ஒன்று வரும். பயப்படாதீர்கள், அது பிழையே இல்லை! “இன்னும் ஒரு சுற்று பேச வேண்டும்” என்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஒரு சுற்றில் நடப்பது பிரமாதம். என்டிஎல்எம் முறையில் சர்வர் 8 பைட் நீளமுள்ள புத்தம்புது எண் ஒன்றை அனுப்பும். உங்கள் சிஸ்டம் அந்த எண்ணையும் பாஸ்வேர்டிலிருந்து பிறந்த ஒரு சாவியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்பும். சர்வரும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். பாஸ்வேர்டு வயரில் போகவே இல்லை! டொமைன் இருக்கும் அலுவலகங்களில் கெர்பராஸ் முறை. அங்கே சிஸ்டம் முன்கூட்டியே டொமைன் கன்ட்ரோலரிடம் ஒரு டிக்கெட் வாங்கிவந்து நீட்டும்.

கெர்பராஸுக்கு நேரம் முக்கியம். இரண்டு பக்கத்துக் கடிகாரங்களும் இயல்பாக 5 நிமிடத்துக்குமேல் விலகக் கூடாது. மதர்போர்டில் இருக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துபோய், கரண்ட் போய் வந்ததும் சிஸ்டம் பல வருடம் பின்னால் போய் நின்றால், சரியான பாஸ்வேர்டும் செல்லாது. ஃபோல்டர் திறக்காத கோளாறுக்கு வைத்தியம் கடிகாரக் கடையில் கிடைக்கும் வட்டப் பேட்டரி!

இதே கட்டத்தில் இன்னும் மூன்று பேரை அடிக்கடி சந்திக்கலாம்.

முதலாமவர், பழைய பாஸ்வேர்டு. விண்டோஸின் ‘க்ரெடென்ஷியல் மேனேஜர்’ என்றோ சேமித்த பாஸ்வேர்டை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள். மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப் ஒன்று பழையதையே தட்டித் தட்டி உங்கள் கணக்கைப் பூட்ட வைத்துவிடும். சேமித்ததை அழித்துவிட்டு மறுபடி நுழைந்தால் தீர்ந்தது.

இரண்டாமவர், பிழை 1219. ஒரே சர்வருக்கு ஒரே லாகினிலிருந்து இரண்டு பயனர் பெயர்களில் போக விண்டோஸ் விடாது. ஏற்கெனவே ஏதோ ஒரு பெயரில் திறந்திருக்கும் இணைப்பை ‘நெட் யூஸ்’ பட்டியலில் கண்டுபிடித்து வெட்டிவிட்டு, புதுப் பெயரில் போக வேண்டும். சர்வரின் பெயருக்குப் பதில் ஐபியைப் போட்டால் திறந்துவிடும் என்று சிலர் சொல்வது உண்மைதான். ஒரே சர்வராக இருந்தாலும் பெயரும் ஐபியும் விண்டோஸுக்கு இரண்டு வேறு சர்வர்கள்! ஆனால் ஐபியைப் போட்டால் வழக்கமாகக் கெர்பராஸ் விலகிவிடும், என்டிஎல்எம்தான் நடக்கும். இதையே ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம்: பெயரில் வராமல் ஐபியில் வந்தால், கோளாறு பெயர்த் தேடலிலோ, டிக்கெட்டிலோ, பழைய இணைப்பிலோ இருக்கிறது.

மூன்றாமவர், ‘கெஸ்ட்’. பாஸ்வேர்டே இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவைத்த என்ஏஎஸ் ஷேர்கள், 2024 அக்டோபரில் பரவலாக வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்க மறுத்தன. அந்தப் பதிப்பு ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பத்தை இயல்பாகவே எதிர்பார்க்கும். கையொப்பமிடச் சாவி வேண்டும். சாவி பாஸ்வேர்டிலிருந்து வர வேண்டும். கெஸ்டுக்குப் பாஸ்வேர்டு ஏது? என்ஏஎஸ்ஸில் முறையாக ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி அதன் வழியாக நுழையுங்கள். ஐந்து நிமிட வேலை, பாதுகாப்பும் கூடும்.

ஐந்தாவது கேள்வி: எந்த ஷேர்?

அடையாளம் ஏற்கப்பட்டதும் ‘ட்ரீ கனெக்ட்’. எந்த ஷேருக்குள் போக வேண்டும் என்பது இப்போதுதான் சர்வருக்கே தெரியும்! நீங்கள் கேட்காத ‘ஐபிசி’ என்ற ஒரு ஷேருக்குச் சிஸ்டம் முதலில் போய்வருவதையும் பார்க்கலாம். பெயரின் கடைசியில் டாலர் குறி இருப்பதால் பட்டியலில் தெரியாத ஷேர் அது. சர்வரிடம் விவரம் கேட்கப் பயன்படுகிறது.

ஷேரின் பெயரைத் தப்பாக அடித்தால் பிழை 67. பெயர் சரி, உரிமை இல்லை என்றால் ‘ஆக்சஸ் டினைடு’, பிழை 5. உரிமை இரண்டு அடுக்கு என்பதை இங்கே மறக்கக் கூடாது. ஷேருக்கு ஓர் உரிமைப் பட்டியல், அதற்குள் இருக்கும் ஃபோல்டருக்கு இன்னொன்று. இரண்டும் ஒத்துக்கொண்டதைத்தான் உங்களால் செய்ய முடியும். ஃபோல்டரில் முழு உரிமை கொடுத்துவிட்டு ஷேரில் ‘படிக்க மட்டும்’ என்று விட்டுவிட்டால், எழுதவே முடியாது.

“குரூப்புல சேர்த்தாச்சு, இன்னும் திறக்கலையே” என்றால் ஒருமுறை லாக் ஆஃப் செய்து உள்ளே வரச் சொல்லுங்கள். எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறார் என்ற விவரம் லாகின் நேரத்தில்தான் எழுதப்படுகிறது.

சாதாரண விண்டோஸ் சிஸ்டத்தையே சர்வராக வைத்திருப்பவர்கள் ஓர் எண்ணை மனதில் வையுங்கள்: 20. விண்டோஸ் 10, 11 இரண்டும் ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்குமேல் ஏற்காது. எக்ஸ்பி புரொஃபஷனலில் அது 10-தான். ஆபீஸ் வளர்ந்து சிஸ்டங்கள் கூடியதும், முந்தி வந்தவர்களுக்குத் திறக்கும், பிந்தி வந்தவர்களுக்குத் திறக்காது. இது கோளாறே இல்லை, வரம்பு. அப்போது விண்டோஸ் சர்வருக்கோ, சம்பா ஓடும் ஒரு பெட்டிக்கோ மாற வேண்டிய நல்ல நேரம் வந்துவிட்டது!

கடைசியில், ஃபைல்!

இத்தனையும் தாண்டிய பிறகுதான் ‘க்ரியேட்’ என்ற கேள்வி போகிறது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இருக்கும் ஃபைலைத் திறப்பதற்கும் இதுதான். பிறகு ‘ரீட்’, ‘ரீட்’, ‘ரீட்’. கடைசியில் ‘க்ளோஸ்’.

இங்கேயும் ஒரு நாடகம் உண்டு. ஒருவர் மட்டும் ஒரு ஃபைலைத் திறந்திருந்தால், “உன் சிஸ்டத்திலேயே ஒரு பிரதி வைத்துக்கொண்டு வேகமாக வேலை பார்” என்று சர்வர் சலுகை தரும். ‘ஆப்லாக்’ என்று பெயர். இரண்டாமவர் அதே ஃபைலைக் கேட்டதும், சர்வர் முதலாமவருக்குத் தானாகவே ஒரு செய்தி அனுப்பும்: “சலுகை முடிந்தது, எழுதியதையெல்லாம் அனுப்பிவிடு!” இந்த உரையாடலில் யாரும் கேட்காமல் சர்வர் தானாகப் பேசும் அரிய தருணம் இது. அந்தச் செய்தியின் வரிசை எண் முழுக்க எஃப் எஃப் எஃப் என்று நிரம்பியிருக்கும். அதைப் பார்த்துவிட்டால், நேரில் ஒரு பிரபலத்தைப் பார்த்த குதூகலம்! முதலாமவரின் சிஸ்டம் அந்த நேரம் உறைந்துபோயிருந்தால், இரண்டாமவர் காத்திருக்க வேண்டியதுதான். “அவர் திறந்தா எனக்கு ஸ்லோவாகுது” என்ற புகாரில் உண்மை இருக்கிறது.

வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வருபவர்களின் கோளாறு வேறு. ஃபோல்டர் திறக்கும், சின்ன ஃபைல் திறக்கும், பெரிய ஃபைல் மட்டும் பாதியில் தொங்கும். பாக்கெட்டின் அளவைச் சந்தேகியுங்கள். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் வழக்கமாக 1500 பைட். தலைப்புகளுக்கு 28 போனால் பிங்குக்கு மிச்சம் 1472. துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அந்த அளவில் பிங் செய்து, போகும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். விபிஎன்னுக்குள் இடம் குறைவு. பெரிய பாக்கெட்டுகள் நடுவழியில் தொலைகின்றன. கிடைத்த அளவோடு அந்த 28-ஐக் கூட்டி விபிஎன்னில் அமைத்தால் தொங்கல் நின்றுவிடும்.

மேப் செய்த டிரைவ் மேல் சிவப்புப் பெருக்கல் குறியைப் பார்த்துப் பதறுபவர்களுக்கு ஒரு நல்ல சேதி. சும்மா கிடக்கும் இணைப்பை விண்டோஸ் சர்வர் இயல்பாக 15 நிமிடத்தில் வெட்டிவிடும். குறி அதற்குத்தான். கிளிக் செய்து பாருங்கள், பெரும்பாலும் உடனே திறந்துவிடும்.

பட்டியலில் பெயர் இல்லையா?

‘நெட்வொர்க்’ என்ற இடத்தைத் திறந்தால் சர்வரின் பெயரே இல்லை என்று கலங்க வேண்டாம். பட்டியல் வேறு, இணைப்பு வேறு. அந்தக் காலத்தில் இந்தப் பட்டியலை வைத்திருப்பது யார் என்று முடிவுசெய்ய மெஷின்கள் தங்களுக்குள் தேர்தலே நடத்தின! இயங்குதளம் எது, எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் ஒப்பிட்டு வென்ற மெஷின்தான் ‘மாஸ்டர் பிரவுசர்’. மற்றவை 12 நிமிடத்துக்கு ஒருமுறை “நான் இருக்கிறேன்” என்று அறிவிக்கும். மூன்று முறை குரல் வராவிட்டால்தான் பெயர் நீங்கும். அதனால்தான் அணைத்த மெஷினின் பெயர் அரை மணி நேரத்துக்கும் மேல் பட்டியலில் உயிரோடு இருக்கும்! அந்த ஏற்பாடு எஸ்எம்பி1-ஐ நம்பியிருந்தது, அதோடு போய்விட்டது. இப்போது விண்டோஸ் வேறு கண்டறியும் முறையைப் பயன்படுத்துகிறது. சம்பா அதைத் தானாகப் பேசுவதில்லை. ஆகவே பட்டியலை விடுங்கள், முகவரிப் பட்டையில் சர்வரின் பெயரை நேராக டைப் செய்யுங்கள். திறந்தால் எல்லாம் சரி.

இன்றே ஒன்று பிடித்து வையுங்கள்

பெயர், போர்ட், மொழி, அடையாளம், ஷேர், ஃபைல். ஆறே கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பிழை எண், தனி சோதனை, தனி வைத்தியம். முந்தைய கட்டம் தாண்டிவிட்டது என்று உறுதியானால் அதற்குரிய சந்தேகங்கள் அத்தனையும் ஒரேயடியாகக் கழிந்துவிடுகின்றன. போர்ட் 445-க்கு ‘ட்ரூ’ வந்துவிட்டதா? கேபிள், சுவிட்ச், ஐபி, ஃபயர்வால் எல்லாம் விடுதலை! இந்த விடுதலையை ருசித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ரீஸ்டார்ட் பட்டனைத் தேட மாட்டார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். கோளாறு வரும்வரை காத்திருக்காதீர்கள். எல்லாம் நன்றாக ஓடும் ஒரு நாளில், அனுமதி வாங்கிக்கொண்டு, வயர்ஷார்க்கைத் திறந்து ஷேரை ஒருமுறை திறந்து மூடுங்கள். வந்ததைச் சேமித்து, ‘நல்ல நாள்’ என்று பெயர் வையுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஆரோக்கியமாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்பதற்கு, உங்கள் சர்வரே எழுதித்தந்த சான்று அது. கோளாறு வரும் நாளில் புதிதாக ஒன்றைப் பிடித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்த வரியில் இரண்டும் பிரிகின்றனவோ, அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது.